உப்பு மாவில் பால்மர இலை
மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால், சிறு பிள்ளைகளை வீட்டுக்குள் உட்கார வைப்பது எளிதன்று. அந்த நேரத்திற்கு, பொம்மை செய்யும் உப்பு மாவு நன்றாகக் கைகொடுக்கும். 2 குவளை கோதுமை மாவுடன் 1 குவளை பொடி உப்பைக் கலந்து, 1 குவளை தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை சப்பாத்தி மாவைப் போலப் பிசைய வேண்டும். தண்ணீருக்குப் பதிலாகச் சங்குப்பூ ஊறிய நீரை ஊற்றினால் நீல நிறம் கிடைக்கும். அந்த நீரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் நீலம் ஊதாவாக மாறும் என்பதால், பிள்ளைகள் மாவையே மறந்துவிடக்கூடும்.

அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்த மாவின் மீது, பால்மர (ரப்பர் மர) இலையின் நரம்பு புடைத்த அடிப்பக்கம் படும்படி வைத்து அழுத்தி எடுத்தால், அழகான அச்சு பதியும். உதிர்ந்த இலையே போதும். மரத்திலிருந்து பறித்தால் காம்பில் வடியும் பால் துணியில் கறையாகிவிடும். தொங்கவிட விரும்பினால், உறிஞ்சுகுழலால் ஒரு துளையிட்டுக்கொள்ளலாம்.

வெதுப்பியில் (oven) 100 டிகிரி செல்சியஸ் சூட்டில், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு, 2 முதல் 3 மணி நேரம் உலர்த்த வேண்டும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நம் ஊர்த் தட்பவெப்பத்தில் வார்னிஷ் பூசாத பொம்மை சில வாரங்களிலேயே பிசுபிசுத்துவிடலாம். பூசும் வேலையைப் பெரியவர்களே செய்வது நல்லது. உப்பு மிகுந்த இந்த மாவைப் பிள்ளைகளும் வீட்டு நாயும் தின்றுவிடாதபடி அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.