லிலிபாண்டில் கையால் தள்ளாதீர்கள்: நான் செய்த, இன்னும் பலர் செய்கிற தவறுகள்

இசையை எழுத்தில் சொன்னால் இசைத்தாளாக வரைந்து தரும் மென்பொருள் லிலிபாண்ட். போன மாதம் ஒரு தம்பி தன் லிலிபாண்ட் ஃபைலை அனுப்பியிருந்தான். "அண்ணா, நேத்து வரைக்கும் எல்லாம் சரியா இருந்துச்சு. நடுவுல ரெண்டு பார் சேர்த்தேன், மொத்தமும் கலைஞ்சு போச்சு." (பார் என்றால் இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள தாளப் பகுதி.) திறந்து பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதிய ஃபைலை யாரோ நகல் எடுத்து அனுப்பியதுபோல் இருந்தது.

மௌஸால் இழுத்து வைக்கும் மென்பொருளிலிருந்து வருகிறவர்கள் லிலிபாண்டிலும் இழுக்கத்தான் பார்க்கிறார்கள். 1996-இல் ஹான்-வென் நியென்ஹய்ஸ், யான் நியூவென்ஹய்சன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் இதைத் தொடங்கியபோது நோக்கமே வேறு. உலோகத் தகட்டில் கையால் செதுக்கிய பழைய இசைத்தாள்களின் அழகை, இடைவெளிக் கணக்கை, மென்பொருளே போட வேண்டும்; நாம் இசையை மட்டும் எழுத்தில் சொன்னால் போதும். அந்தக் கணக்குக்குள் நாம் எங்கே, எப்படிக் கை வைக்கிறோம் என்பதில்தான் தகராறு.

அடைப்புக்குறி மூட மறப்பது, ஆக்டேவ் ஒன்று ஏறிப்போவது எல்லாம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஃபைலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஹேர்பினுக்காக நோட்டை உடைப்பது

ஒரு முழு நோட். அதற்குள்ளேயே சத்தம் ஏறி இறங்க வேண்டும். அதைக் காட்டும், விரிந்தோ சுருங்கியோ போகும் கோட்டுக் குறிதான் ஹேர்பின். லிலிபாண்டில் டைனமிக் குறி (சத்த அளவைச் சொல்லும் குறி) ஒரு நோட்டிலோ ஓய்விலோதான் ஒட்டும். நோட் ஒன்றுதான் என்றால் ஹேர்பின் தொடங்க இடம் இருக்கிறது, திரும்ப இடம் இல்லை. உடனே முழு நோட்டை நான்கு கால் நோட்டாக வெட்டி, டை (இணைப்பு வளைவு) போட்டு ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குறி வைப்பார்கள். பாடுகிறவருக்கு அது நான்கு அடியாகத் தெரியும். நாலு தடவை தள்ளிப் பாடுவார்.

நோட்டைத் தொடாமல், அதற்கு இணையாகக் கண்ணுக்குத் தெரியாத 'எஸ்' ஓய்வுகளை ஓடவிட்டு, குறிகளை அவற்றில் தொங்கவிடுங்கள். 2.24 பதிப்பு இருந்தால் இன்னும் சுலபம்: 'ஆஃப்டர்' கட்டளையில் "இத்தனை காலம் கழித்து இந்தக் குறி" என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. அடுத்த பாரின் முதல் நோட்டில் ஹேர்பினை முடித்தால், அது முந்தைய பார் கோட்டோடு நின்றுவிடும். பிழை என்று நினைத்து முடிவுக் குறியை இரண்டாவது நோட்டுக்கு நகர்த்துவார்கள். அது பிழையல்ல, செதுக்கும் மரபு அப்படி. கோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் ஹேர்பினின் 'டு-பார்லைன்' பண்பை அணைத்தால் போதும்.

"சுபிட்டோ பியானோ"வை மார்க்கப்பாக எழுதுவது

சுபிட்டோ பியானோ என்றால் திடீரென்று சத்தம் குறைத்து. அதை மார்க்கப்பாக, அதாவது சாதாரண வாசகமாக எழுதினால், பார்க்க டைனமிக் மாதிரியே சாய்ந்த எழுத்தில் வரும். ஆனால் லிலிபாண்டுக்கு அது வெறும் வாசகம். அதனால் அது டைனமிக் வரிசையில் நிற்காது. ஸ்டாஃபுக்கு (ஐந்து கோட்டு வரிசைக்கு) வெளியே அடுக்கும்போது டைனமிக் கோட்டுக்கு முன்னுரிமை எண் 250, வாசகத்துக்கு 450. எண் சிறியது ஸ்டாஃபுக்கு அருகில் நிற்கும். எனவே இரண்டும் இரண்டு மாடியில் போய் உட்காரும். முன்னால் வருகிற ஹேர்பினும் அதைப் பார்த்து நிற்காது. 'மேக்-டைனமிக்-ஸ்கிரிப்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு தடவை எழுதிப் பெயர் வைத்துக்கொண்டால் பிறகு ஃபோர்ட்டே (பலமாக), பியானோ (மென்மையாக) போல அதையும் எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

பார் செக் எச்சரிக்கையைப் படிக்காமல் விடுவது

ஒரு பாரில் தாள அளவு கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று லிலிபாண்ட் சொல்வது அது. தீரும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

எக்ஸ்ட்ரா-ஆஃப்செட்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழில் ஒரு கிறிஸ்துமஸ் பாடலுக்கு நாலு குரல் அமைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சோப்ரானோ, ஆல்டோ ஒரு ஸ்டாஃப், டெனர், பேஸ் இன்னொன்று, கீழே ஆர்கன். ஆறு பக்கம். முதல் தடவை கம்பைல் செய்தபோது (ஃபைலை இசைத்தாளாக மாற்றியபோது) டைனமிக்ஸ் எல்லாம் ஸ்டாஃபுக்குக் கீழே, பாடல் வரிகளை முட்டிக்கொண்டு நின்றன. தேடிப் பார்த்ததில் எக்ஸ்ட்ரா-ஆஃப்செட் கிடைத்தது. இரண்டு எண் கொடுத்தால் போதும். குறி அத்தனை ஸ்டாஃப் இடைவெளி பக்கவாட்டிலும் மேலேயும் நகரும். சொன்ன இடத்தில் அப்படியே போய் நிற்கிறது! மூன்று ராத்திரி உட்கார்ந்து 137 குறிகளைத் தள்ளினேன். பக்கம் பார்க்க அச்சடித்த புத்தகம் மாதிரி இருந்தது. 45 பிரதி ஜெராக்ஸும் எடுத்தாயிற்று.

ஒத்திகைக்கு நாலு நாள் முன்னால் கொயர் மாஸ்டர் கூப்பிட்டார். பாட்டுக்கு முன்னால் ஆர்கனில் நாலு பார் முகப்பு வேண்டுமாம். அதற்கென்ன, சேர்த்தேன். கம்பைல் செய்தேன், அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி ஜெராக்ஸுக்குக் கொடுத்தேன். ஒத்திகையில் மூன்றாம் பக்கத்தில் ஆல்டோக்கள் திடீரென்று முழங்கினார்கள். நிறுத்திப் பார்த்தால், டெனருக்கான ஃபோர்ட்டே மேலே மிதந்து வந்து ஆல்டோவின் வரிக்கு அடியில் நிற்கிறது. அவர்கள்மேல் என்ன தப்பு? தாளில் இருந்ததைத்தான் பாடினார்கள். நாலாம் பக்கத்தில் ஒரு ஹேர்பின் 'பாலன்' என்ற சொல்லைக் குறுக்கே அடித்துவிட்டிருந்தது.

நடந்தது இதுதான். லிலிபாண்ட் முதலில் மொத்தப் பாட்டையும் பார்த்து எந்த பாரில் வரி உடைய வேண்டும், எங்கே பக்கம் பிரிய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. பிறகு மேலும் கீழும் இடைவெளி போடுகிறது, எது எதோடு மோதும் என்று பார்த்து ஒதுக்குகிறது. இதெல்லாம் முடிந்து தாளில் வரையப் போகிற கடைசி நொடியில்தான் எக்ஸ்ட்ரா-ஆஃப்செட் குறியை நகர்த்துகிறது. அது நகர்ந்த விஷயம் பக்கத்தில் இருக்கிற யாருக்கும் தெரியாது. விட்டுவந்த இடம் காலியாகவே கிடக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தாலும் அவர்மேல்தான் உட்காரும். நான் தள்ளிய 137 தூரங்களும் அன்றைய வரி உடைப்புக்கு மட்டும் சரி. நாலு பார் சேர்ந்ததும் வரி உடைப்பு மாறியது. குறிகள் புதிய இடத்திலிருந்து பழைய தூரத்தைத் தாண்டின.

இதோடு முடியவில்லை. சோப்ரானோக்களுக்குத் தனிப் பயிற்சித் தாள் கேட்டார்கள். லிலிபாண்டின் பெருமையே அதுதானே, குரலை ஒரு மாறியில் (பெயர் வைத்த துண்டில்) எழுதிவிட்டால் முழு ஸ்கோருக்கும் (எல்லாக் குரலும் சேர்ந்த தாளுக்கும்) தனித் தாளுக்கும் அதையே பயன்படுத்தலாம். பயன்படுத்தினேன். தள்ளல்களும் கூடவே வந்தன. முழு ஸ்கோரில் ஆல்டோவின் நோட்டிலிருந்து தப்பிக்கத் தள்ளிய பியானோ, ஆல்டோவே இல்லாத தனித் தாளில் காரணமில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. இரண்டு இடத்தில் 'ஒன்ஸ்' (இந்த ஒரு தடவை மட்டும்) போட மறந்திருந்தேன். அந்த இடத்துக்குப் பிறகு வந்த எல்லாக் குறிகளும் கூட்டமாக ஒரே பக்கம் நகர்ந்திருந்தன.

அந்தத் தள்ளல்களை ஒவ்வொன்றாக நீக்க உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு வேலை வீண் என்று தெரிந்தது. பாதிக்கு மேல் 'டைனமிக்-அப்' என்ற ஒரே கட்டளையில் தீர்ந்தது. குரலிசையில் வரிகள் கீழே, டைனமிக்ஸ் மேலே என்பதுதான் வழக்கம். அது தெரியாமல் ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மீதியை இப்போது இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். குறி ஸ்டாஃபுக்கு ரொம்ப அருகில் இருக்கிறதா, ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஆடுகிறதா? அப்படியானால் 'டைனமிக்-லைன்-ஸ்பேனர்' என்பதன் 'ஸ்டாஃப்-பேடிங்'கைக் கூட்டுங்கள். எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும். ஃபோர்ட்டேயையும் அதை ஒட்டி வரும் ஹேர்பினையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருப்பது இந்த ஸ்பேனர்தான். ஃபோர்ட்டேயை மட்டும் எக்ஸ்ட்ரா-ஆஃப்செட்டில் கீழே இறக்கினால் ஹேர்பின் மேலேயே நிற்கும். பக்கவாட்டில் நகர வேண்டுமா? 'எக்ஸ்-ஆஃப்செட்' என்று தனியாக இருக்கிறது, பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இது மோதல் கணக்குக்கு முன்னாலேயே நடக்கும், எனவே மற்றவை விலகி வழி விடும். இரண்டு குறிகளில் எது உள்ளே, எது வெளியே என்ற சண்டையா? முன்னுரிமை எண்ணை மாற்றுங்கள்.

வரி உடைப்பையும் குரலுக்குள் எழுதாதீர்கள். 'எஸ்' ஓய்வுகளும் 'பிரேக்'குகளும் மட்டும் கொண்ட தனி மாறி ஒன்று வைத்து, முழு ஸ்கோரில் அதை இணையாகச் சேர்த்துவிடுங்கள். தனித் தாளுக்கு அது போகாது. ஸ்கோருக்கு மட்டும் வேண்டிய திருத்தம் ஏதாவது இருந்தால் 'டேக்' (அடையாளப் பெயர்) போட்டுப் பிரியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு குறிகள் அடம்பிடிக்கும். அப்போது எக்ஸ்ட்ரா-ஆஃப்செட் போடலாம், கொயர் மாஸ்டர் இனி ஒரு பாரும் சேர்க்கமாட்டார் என்று தெரிந்த பிறகு.

தமிழ் வரி அகலத்துக்கு ஸ்டாஃபைச் சுருக்குவது

நம் எழுத்து அகலம். கொண்–டா–டு–வோம் என்று பிரித்துப் பதினாறாம் நோட்டுகளின் கீழ் வைத்தால், 'கொண்' 'வோம்' இரண்டும் தங்களுக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு நோட்டுகளை விலக்கிவிடும். வரிக்கு ஐந்து பார் வந்தது மூன்றாகும். உடனே ஸ்டாஃப் அளவை 20-லிருந்து 14-க்கு இறக்குவார்கள். நானும் இறக்கியிருக்கிறேன், வயதான பேஸ் பாடகர் ஒருவர் தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பாடினார், மாஸ்டரை அவர் பார்க்கவே இல்லை.

ஸ்டாஃப் அளவு வேறு, வரி எழுத்தின் அளவு வேறு. 'லிரிக்-டெக்ஸ்ட்'டின் 'ஃபான்ட்-சைஸ்'ஸை மட்டும் ஒன்று குறைத்துப் பாருங்கள். அசைகளுக்கு நடுவே வரும் கோட்டுக்கான குறைந்தபட்ச இடத்தையும் குறைக்கலாம். அகலம் குறைந்த ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் பலன். அதற்கும் அடங்காவிட்டால் வரிக்கு மூன்று பார் என்றே இருக்கட்டும். இன்னொரு பக்கம் கூடினால் குடி முழுகிவிடாது.

ஃபான்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. நீங்கள் பெயர் சொன்ன தமிழ் ஃபான்ட் இன்னொரு கணினியில் இல்லையென்றால், அங்கே வேறொரு தமிழ் ஃபான்ட் சத்தமில்லாமல் அந்த இடத்துக்கு வந்துவிடும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடைப்பு மாறும், மேலே சொன்ன கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். பிறருக்குப் பிடிஎஃப் அனுப்புங்கள். ஃபைலையே கேட்டால் ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

இடைவெளியை ஊகித்துத் திருத்துவது

'பேப்பர்' பகுதியில் 'அனோடேட்-ஸ்பேசிங்'கை இயக்கிவிட்டால், ஒவ்வொரு இடைவெளியும் எத்தனை, எந்தப் பண்பினால் வந்தது என்று பக்கத்திலேயே அம்புக்குறி போட்டுக் காட்டும். 'பேசிக்-டிஸ்டன்ஸ்'ஸை (அடிப்படை இடைவெளியை) குறைத்தேன், வரிகள் நெருங்கவே இல்லை என்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது, பக்கத்தை அடிவரை நிரப்ப லிலிபாண்ட் அவற்றை இழுத்து விரிக்கிறது என்பதை. 'ராகட்-பாட்டம்' இயக்கினால் விரிக்காது.

பதிப்பு எண் போடாமல் விடுவது

முதல் வரியில் போடுங்கள். அது இல்லாமல், பழைய ஃபைலைப் புதிய பதிப்புக்கு மாற்றும் 'கன்வர்ட்-எல்ஒய்' எதிலிருந்து எதற்கு மாற்றும்?

மிடியில் கேட்டுவிட்டு டைனமிக்ஸ் சரி என்பது

மிடி, கணினி வாசித்துக் காட்டுவது. காதுக்குச் சரி, தாளைப் பாருங்கள்.

அந்தத் தம்பியின் ஃபைலில் 60 தள்ளல்கள் இருந்தன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கம்பைல் செய்யச் சொன்னேன், மனசே இல்லாமல் செய்தான். உண்மையான மோதல் இருந்தது 11 இடத்தில். ஒன்பது டைனமிக்-அப்போடு போயிற்று. ஒன்றுக்கு ஸ்டாஃப்-பேடிங். கடைசி ஒன்று ஆல்டோவின் நீளமான ஹேர்பின், என்ன செய்தும் வழிக்கு வரவில்லை. "எக்ஸ்ட்ரா-ஆஃப்செட் போடட்டுமாண்ணா?" என்றான். போடு என்றேன்.