தடைக்காலத்தில் விசைப்படகு இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் சரிபார்க்கும் முறை

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைத் திறந்து பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. முதன்முறையாக இந்த வேலையைத் தொடும் இளைய மெக்கானிக்குகளையும், தம் படகில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் உரிமையாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஹெட் தானாகக் கெடுவது அரிது. பெரும்பாலும் தண்ணீர்தான் அதைக் கெடுக்கிறது. கடல்நீர் இழுக்கும் வாயில் பாசியோ சொறிமீனோ அடைத்தால், அல்லது பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்தால், இன்ஜின் சூடேறி ஹெட் வளைகிறது. நம் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பல ஊர்களில் கிணற்று நீர் உப்பாக இருக்க, அதையே இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் நிற்கும் ஹெட்டர் டேங்கில் ஊற்றிவிடுகிறார்கள். அந்த உப்பு ஹெட்டின் உள்ளே நீர் ஓடும் வழிகளில் படிந்து, சூடு வெளியேறாமல் தடுத்துவிடுகிறது. டேங்கில் இன்ஜின் ஓடும்போது விடாமல் குமிழி வருவதும், சூடான பிறகும் வெள்ளைப் புகை போவதும், ஆயில் பால் கலந்த தேநீர் போல மாறுவதும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட் போனதன் அல்லது ஹெட் விரிசல் விட்டதன் அடையாளங்கள்.

கழற்றும் முன் இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தைய இரவே நிறுத்திவிடுவது நல்லது. பேட்டரி இணைப்பை எடுத்து, கடல்நீர் வால்வை மூடி, இன்ஜினில் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். வடிக்காமல் ஹெட்டைத் தூக்கினால் அந்த நீர் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கும். டீசல் குழாய்களைக் கழற்றியதும் அவற்றின் வாய்களை மூடுங்கள். வால்வுகளை அழுத்தும் ராக்கரை எடுத்த பின், அதைத் தள்ளும் கம்பிகளான புஷ் ராடுகளை ஓர் அட்டையில் துளையிட்டு, எண் எழுதி, வரிசையாகக் குத்தி வைத்தால் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கே திரும்பும். ஹெட் போல்ட்களை ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். தூக்கிய ஹெட்டை, டீசல் தெளிக்கும் நாசிலின் முனை தரையில் படாதபடி இரண்டு மரக்கட்டைகள் மேல் வைக்க வேண்டும். தென்மேற்குக் காற்று எழும் மாதங்களில் கரையில் மணல் பறந்துகொண்டே இருப்பதால், திறந்த சிலிண்டர்களைச் சுத்தமான துணியால் உடனே மூடிவிடுங்கள்.

பழைய கேஸ்கெட்டை எறிந்துவிடாதீர்கள். அதை வெளிச்சத்தில் பிடித்து, சிலிண்டர் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல கேஸ்கெட்டில் அந்த வளையத்தின் பதிவு எங்கும் ஒரே அகலத்தில் இருக்கும். இரண்டு துளைகளுக்கு நடுவே கரிக்கோடு ஓடியிருந்தால் ஒரு சிலிண்டரின் அழுத்தம் பக்கத்துச் சிலிண்டருக்குப் போயிருக்கிறது. வளையத்திலிருந்து தண்ணீர்த் துளை வரை துருக்கறை இருந்தால் அந்த வழியே நீர் கசிந்திருக்கிறது. புதிய கேஸ்கெட் போட்ட பிறகும் அதே இடத்தில் மீண்டும் அடிவாங்கும் படகுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கோட்டை யாரும் படிக்காததுதான் காரணம்.

ஹெட்டின் முகத்தை மரத்தாலோ பித்தளையாலோ ஆன சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள், உளி கூடாது. பின்னர் நேரான எஃகுச் சட்டத்தை நீளவாக்கில், குறுக்காக, மூலைக்கு மூலை என்று வைத்து, ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) இடைவெளியைப் பாருங்கள். 0.10 மில்லிமீட்டர் தகடு எங்கேனும் நுழைந்தால் லேத் பட்டறைக்கு அனுப்புவது என் வழக்கம். உங்கள் இன்ஜின் கையேட்டில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வால்வுகளுக்கு நடுவிலும் நாசில் துளையைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள்.

வால்வுகளை லேப்பிங் பேஸ்ட் வைத்து உரசி, வால்வு உட்காரும் சீட்டில் சாம்பல் நிற வளையம் அறுபடாமல் தெரியும்வரை வேலை செய்து, பேஸ்டை ஒரு துளிகூட விடாமல் கழுவுங்கள். வால்வுகளைப் பூட்டி, காற்று வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள்; சீட்டு ஓரத்தில் ஈரம் கசிந்தால் மறுபடியும் உரச வேண்டும்.

பூட்டும்போது அடிமூடிய போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் நீரையும் காற்றடித்து எடுங்கள்; இல்லையென்றால் முறுக்கும்போது திரவம் அடைபட்டு பிளாக்கையே பிளந்துவிடும். புதிய கேஸ்கெட்டை மேல்பக்கம் பார்த்து வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் மூன்று சுற்றுகளில் கையேட்டு அளவுக்கு ஏற்றுங்கள். நாசில் அடியில் வரும் செப்பு வாஷரும் புதியதாக இருக்கட்டும்.

டாப்பெட் வைப்பதில், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்வதில், தொடக்கநிலையினர் குழம்புவது இயல்பு. 1-5-3-6-2-4 வரிசையில் வெடிக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜினில் 1-6, 5-2, 3-4 என்று சிலிண்டர்கள் ஜோடியாக நிற்கும். ஆறாவதின் இரு வால்வுகளும் ஒன்று மூடவும் ஒன்று திறக்கவும் ஆடும் நேரத்தில் ஒன்றாவதின் வால்வுகள் முழுவதும் மூடியிருக்கும்; அப்போது ஒன்றாவதைச் சரிசெய்யுங்கள். அவ்வாறே இரண்டாவது ஆடும்போது ஐந்தாவது, நான்காவது ஆடும்போது மூன்றாவது, ஒன்றாவது ஆடும்போது ஆறாவது, ஐந்தாவது ஆடும்போது இரண்டாவது, மூன்றாவது ஆடும்போது நான்காவது.

டேங்கில் கையேடு சொல்லும் கூலண்டையே ஊற்றுங்கள். படகைக் கரையிலேயே கட்டி வைத்து, கடல்நீர் வெளியேறும் குழாயைக் கண்காணித்தபடி ஒரு மணி நேரம் ஓட்டி, டேங்கில் குமிழி இல்லை என்று உறுதி செய்யுங்கள். கையேடு சொன்னால் மட்டும், குளிர்ந்த பின் போல்ட்களை மறுமுறை முறுக்கி, டாப்பெட் இடைவெளியை மீண்டும் பார்த்து, அதன் பிறகே ராக்கர் மூடியை மூட வேண்டும்.