கோட்டின் ஒளியை அளந்தவுடன் வாயுவின் நிறையைச் சொல்லிவிடாதீர்கள்

விண்மீன் திரள்களின் மையத்தில், கருந்துளையைச் சுற்றியுள்ள மூலக்கூறு வாயுவை நிறமாலைக் கோடுகளைக் கொண்டு அளக்கிறோம். அந்த வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான். ஆனால் அந்த மூலக்கூறுக்கு நிரந்தர இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்கும் தன்மை) கிடையாது. அதன் மிகத் தாழ்ந்த சுழற்சிக் கோடு 28 மைக்ரானில் வருகிறது. அது எழவே சுமார் 510 கெல்வினுக்கு ஈடான ஆற்றல் வேண்டும். குளிர்ந்த வாயுவோ 10, 20 கெல்வினில் கிடக்கிறது. அதனால்தான் கார்பன் மோனாக்சைடின் 115 கிகாஹெர்ட்ஸ் கோட்டை அளந்து ஹைட்ரஜனைக் கணக்கிடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்தக் கணக்கில்தான்.

பால்வீதியின் வட்டில் உள்ள மேகங்களுக்கு கோட்டின் ஒளியை நிறையாக மாற்றும் பெருக்கு எண் வழக்கமான அலகுகளில் 4.3; ஹீலியமும் அதில் சேர்த்தி. அகச்சிவப்பில் மிகப் பிரகாசமான, மோதிக்கொண்டிருக்கும் விண்மீன் திரள்களுக்கு 0.8 என்று எடுப்பது வழக்கம். அதாவது, ஒரே அளவீட்டிலிருந்து ஐந்து மடங்கு வேறுபட்ட நிறைகள் வரலாம். கருந்துளையைச் சுற்றிய வாயு சூடானது, கொந்தளிப்பானது. அதே நிறைக்குக் கூடுதல் ஒளி தரும். அங்கே 4.3-ஐ அப்படியே போட்டால் நிறை ஊதிப்போகும். எக்ஸ் கதிர்கள் கார்பன் மோனாக்சைடைச் சிதைத்தால் தவறு எதிர்த்திசைக்கும் திரும்பும். ஆகவே எந்த எண்ணை, ஏன் எடுத்தீர்கள் என்பதை நிறைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது அலகு. கார்பன் மோனாக்சைடின் 230 கிகாஹெர்ட்ஸ் கோட்டையும் 115 கோட்டையும் ஒப்பிடும்போது, ஜான்ஸ்கியில் (ரேடியோ ஒளிப்பாயத்தின் அலகு) அளந்து வகுத்தால் ஒரு விடை, கெல்வினில் (பிரகாசத்தை வெப்பநிலையாகச் சொல்லும் அலகு) அளந்து வகுத்தால் அதில் கால் பங்கு. ஒரே அளவுள்ள தட்டுத் தொலைநோக்கியில் எடுத்திருந்தால், தொலைநோக்கி வானில் பார்க்கும் கற்றையின் அகலமும் 230-ல் பாதியாகிவிடும். இரண்டையும் சமப்படுத்தாமல் "மையத்தில் வாயு சூடாக இருக்கிறது" என்று எழுதுவது நியாயமில்லை.

2.12 மைக்ரானில் ஹைட்ரஜன் கோடு தெரிந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அது ஏறத்தாழ 2000 கெல்வின் சூடான வாயு; மொத்த நிறையில் மிகச் சிறு துளி. அதைக் குளிர்ந்த வாயுவின் வரைபடமாக வாசிக்காதீர்கள்.

கோட்டின் ஓரங்களில் அகலமான சிறகு கண்டதும், வாயு மையத்திலிருந்து வெளியே பாயும் வெளியோட்டம் என்று அறிவிப்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் தவறு. சுமார் 4.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்.ஜி.சி. 1068 விண்மீன் திரளில் உண்மையிலேயே மூலக்கூறு வெளியோட்டம் இருக்கிறது. கூடவே வாயுவை வட்டப் பாதையிலிருந்து விலக்கும், விண்மீன்களாலான பட்டையும் இருக்கிறது. இரண்டும் நிறமாலையில் ஒரே மாதிரிதான் தெரியும். முதலில் சுழலும் வட்டு ஒன்றை மாதிரியாக அமைத்துக் கழியுங்கள். அப்புறம், வட்டின் குற்றச்சில் (தோற்றத்தில் குறுகிய அச்சில்) எஞ்சும் வேகத்தைப் பாருங்கள். வட்டின் தளத்திலேயே நகரும் வாயு, நமக்கு அருகிலுள்ள பக்கத்தில் நீலப்பெயர்ச்சி (நம்மை நோக்கி வருவதன் அடையாளம்) காட்டினால் வெளியே போகிறது. தொலைவிலுள்ள பக்கத்தில் அதே நீலப்பெயர்ச்சி என்றால் உள்ளே வருகிறது. எந்தப் பக்கம் அருகில் என்று தெரியாமல் திசையைச் சொல்ல வழியே இல்லை. தூசிப் பட்டைகளின் இருளும் சுருள் கைகளின் போக்கும் அதற்கு உதவும்.

ஹைட்ரஜன் சயனைடு கோடு வலுவாக இருப்பதை மட்டும் வைத்துக் கருந்துளையின் கைவரிசை என்று முடிவெடுப்பதும் அவசரம்தான். வாயுவின் அடர்த்தியும், 14 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியின் தூண்டலும்கூட அந்தக் கோட்டை உயர்த்தும்.

வேகத்துக்கு, அதிர்வெண்ணை வைத்துக் கணக்கிடும் ரேடியோ வரையறையா, அலைநீளத்தை வைத்துக் கணக்கிடும் ஒளியியல் வரையறையா என்று கேட்காமல் பழைய பட்டியலோடு ஒப்பிடாதீர்கள். நொடிக்கு 3000 கி.மீ. வேகத்தில் விலகும் திரளில் இரண்டுக்கும் சுமார் 30 கி.மீ. வித்தியாசம் வரும்; அதுவே இல்லாத ஓட்டத்தை இருப்பதுபோல் காட்டிவிடும். ஆல்மா போன்ற, பல தட்டுகளை இணைத்துப் பார்க்கும் குறுக்கீட்டுமானிகளின் தரவில், விரிந்து பரந்த ஒளி விடுபட்டிருக்கிறதா என்று ஒற்றைத் தட்டு அளவோடு சரிபாருங்கள்.

சென்டாரஸ் ஏ என்னும் திரளைப் பார்க்கும்போது இன்னொன்றும் உண்டு. அதன் மையம் ரேடியோவில் அவ்வளவு பிரகாசமாக இருப்பதால், முன்னால் உள்ள வாயு அந்த ஒளியை உறிஞ்சிக் கோட்டில் பள்ளம் போடுகிறது. மையத்தில் ஒளி குறைவாகத் தெரிந்தால், வாயு இல்லை என்று எழுதும் முன் அந்தப் பள்ளத்தைத் தேடுங்கள்.