என்எஃப்எல் சம்பளச் செய்தியை எப்படிப் படிப்பது?

என்எஃப்எல் என்னும் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் அணிகள் வீரர்களோடு புது ஒப்பந்தம் போடும் மார்ச் மாதம் வந்தால், டாலஸில் எங்கள் அலுவலகத்தில் பாதி வேலை நடக்காது. "இவனுக்கு இத்தனை கோடியா?" என்று யாராவது கைபேசியோடு என் மேசைக்கு வந்துவிடுவார்கள். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், எங்கள் ஊர் அணியான கவ்பாய்ஸின் ரசிகன் வேறு. அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, தலைப்பில் இருக்கும் மொத்தத் தொகையை மறந்துவிடுவது. அது வீரரின் ஏஜென்ட் ஊருக்குக் காட்ட விரும்பும் தொகை. அமெரிக்கக் கால்பந்தில் ஒப்பந்தத்தின் நடுவிலேயே வீரரைக் கழற்றிவிடலாம். உத்தரவாதம் இல்லாத சம்பளம் அத்தோடு போச்சு. அதனால் செய்தியில் உத்தரவாதத் தொகை எவ்வளவு என்று தேடுங்கள். 2022இல் டெஷான் வாட்சன் என்ற வீரருக்கு கிளீவ்லாந்து அணி கொடுத்த 23 கோடி டாலர் முழுக்க உத்தரவாதம். மற்ற அணிகளின் முதலாளிகள் முகம் சுளித்தது அதனால்தான்.

அடுத்தது சம்பள வரம்பு. வீரர்களுக்கு ஓர் அணி ஆண்டுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு, எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. 2020இல் 19.82 கோடி டாலர். கொரோனாவால் மைதானங்கள் காலியாகக் கிடந்ததும், 2021இல் அது 18.25 கோடியாக இறங்கியது. 2025இல் 27.92 கோடி. கூடுதலாக வரி கட்டிவிட்டு வரம்பைத் தாண்டும் வசதி இங்கே இல்லை. ஆனால் வீரர் கையில் வாங்கும் பணம் வேறு, வரம்புக் கணக்கில் ஏறும் பணம் வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

எங்கள் அணி வீரர் டாக் பிரெஸ்காட்டையே எடுத்துக்கொள்வோம். 2020இல் கவ்பாய்ஸ் அவர்மீது 'ஃப்ரான்சைஸ் டேக்' போட்டது. வேறு அணிக்குப் போகவிடாமல் ஓராண்டுச் சம்பளத்தில் பிடித்துவைக்கும் உரிமை அது, அவருக்கு 3.14 கோடி. அக்டோபரில் கணுக்கால் உடைந்தது. அப்படியிருந்தும் 2021 மார்ச்சில் நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். அதில் கையெழுத்துப் போட்டதற்குக் கிடைக்கும் சைனிங் போனஸ் 6.6 கோடி, முதல் ஆண்டுச் சம்பளம் 90 லட்சம். ஆக, அந்த ஆண்டு கைக்கு வந்தது 7.5 கோடி. வரம்புக் கணக்கில் ஏறியதோ 2.22 கோடிதான்!

எப்படி? ஆலைக்கு இயந்திரம் வாங்கினால் விலையை ஒரே ஆண்டுச் செலவில் காட்டாமல் தேய்மானமாகப் பிரித்து எழுதுவோமே, அதே வேலை. போனஸை ஐந்து ஆண்டு வரை சமமாகப் பிரிக்கலாம். 6.6 கோடியை ஐந்தால் வகுத்தால் 1.32 கோடி, அதோடு 90 லட்சத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒப்பந்தம் நான்கு ஆண்டுதானே என்கிறீர்களா? அதற்குத்தான் கடைசியில் ஆடாத ஆண்டுகளைப் பெயருக்கு ஒட்டுவார்கள். 'வாய்ட் இயர்ஸ்' என்று படித்தால் அதுதான் சங்கதி.

பிரித்து எழுதிய கடன் என்றாவது வாசலுக்கு வரும். வீரரை இடையில் அனுப்பினால் மிச்சமிருக்கும் பங்கு மொத்தமும் கணக்கில் விழும்; அதுதான் 'டெட் மணி'. 2024இல் ரஸல் வில்சனை அனுப்பிய டென்வர், இரண்டு ஆண்டுகளில் சுமார் 8.5 கோடி டாலரை ஆடாத மனிதருக்காகச் சுமந்தது. அப்புறம், "அணிக்காகச் சம்பளத்தை மாற்றிக்கொண்டார்" என்று செய்தி வந்தால் உடனே உருகிவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த ஆண்டுச் சம்பளத்தைப் போனஸாக மாற்றி முன்கூட்டியே கொடுத்திருப்பார்கள். அவருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை.

இனி தொழில் தகராறு. முதலில் அது வேலைநிறுத்தமா, கதவடைப்பா என்று பாருங்கள். வீரர்கள் நிறுத்தினால் ஒன்று, முதலாளிகள் பூட்டினால் இன்னொன்று. அடுத்து, யாரால் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்று பாருங்கள். 1982இல் 57 நாள் வேலைநிறுத்தம்; அந்த சீசனில் அணிக்கு ஒன்பது ஆட்டம்தான். 1987இல் முதலாளிகள் வெளியாட்களைக் கூட்டிவந்து மூன்று வாரம் ஆட்டத்தை நடத்தினார்கள், தொலைக்காட்சியும் காட்டியது. வீரர்கள் சங்கத்திலேயே பலர் போராட்டத்தை விட்டு ஆடப் போய்விட்டார்கள். எங்கள் டோனி டார்செட்டும் ராண்டி ஒயிட்டும் அதில் உண்டு. கருங்காலி என்று திட்டலாம்தான். ஆனால் சில ஆண்டுகளே ஆடக்கூடிய உடம்பை வைத்துக்கொண்டு சம்பளமில்லாமல் எத்தனை வாரம் உட்காருவது? 24 நாளில் போராட்டம் உடைந்தது. அப்புறம் சங்கம் நீதிமன்றத்தில் ஜெயித்துத்தான் அணி மாறும் சுதந்திரம் 1993இல் வந்தது. அதற்குக் கொடுத்த விலைதான் 1994இல் தொடங்கிய வரம்பு, அன்றைக்கு 3.46 கோடி.

2011 கதவடைப்பைத் தனியாகப் படிக்க வேண்டும். முதலாளிகள் வருமானத்தில் சுமார் 100 கோடி டாலரை முதலில் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் பங்குபோட்டு வந்தார்கள். இன்னும் ஒரு 100 கோடி வேண்டும் என்றார்கள். ஆட்டம் நடக்காவிட்டாலும் தொலைக்காட்சிப் பணம் சுமார் 400 கோடி வரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அது செல்லாது என்று மார்ச் 1 அன்று நீதிபதி டேவிட் டோட்டி சொன்னார். மார்ச் 11இல் சங்கம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. சங்கம் இருக்கும்வரை தொழிலாளர் சட்டம் முதலாளிகளுக்குக் கேடயம். கலைந்துவிட்டால் ஏகபோகத் தடைச் சட்டத்தில் இழுக்கலாம். டாம் பிரேடி என்ற வீரர் பெயரில் வழக்கு போனது. ஜூலை 25இல் சமரசம் வந்தபோது, மனைவியைப் பறிகொடுத்துச் சில நாளே ஆகியிருந்த நியூ இங்கிலாந்து முதலாளி ராபர்ட் கிராஃப்டை, வீரர் ஜெஃப் சாட்டர்டே கேமராக்கள் முன்னால் கட்டிப்பிடித்தார்.

சரி, யார் தோற்றது? புதுமுகங்கள்தான். அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில் 2010இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி, அதில் 5 கோடி உத்தரவாதம். சமரசத்துக்குப் பின் மறு ஆண்டு அதே இடத்தில் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு சுமார் 2.2 கோடி. அவர்கள் இன்னும் சங்கத்திலேயே சேராத பையன்கள். பேச்சுவார்த்தையில் அவர்களுக்காக யார் மல்லுக்கட்டுவார்? (2010இல் வரம்பே கிடையாது. அந்த ஆண்டு அதிகம் செலவழித்தீர்கள் என்று 2012இல் லீக் டாலஸின் வரம்பில் 1 கோடியைப் பிடித்தது, வாஷிங்டனிடம் 3.6 கோடி. இன்னும் எனக்கு ஆறவில்லை.)

சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2020இல் வீரர்களின் 1,019க்கு 959 என்ற வாக்கில் நூலிழையில் தேறியது. ஒரு சீசனில் அணிக்குப் பதினேழாவது ஆட்டம் அதில்தான் வந்தது. 2030 சீசன் வரை செல்லும். பதினெட்டாவது ஆட்டம் பற்றிய பேச்சு இப்போதே கேட்கிறது. அந்தச் செய்தி வரும்போது வருமானத்தில் வீரர்களின் பங்கு 48 சதவீதத்திலிருந்து எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஆட்டம் நின்றால் தொலைக்காட்சிப் பணம் யாருக்குப் போகும் என்று தேடுங்கள். அப்புறம் புதுமுகங்களின் சம்பளப் பட்டியலைப் புரட்டுங்கள். நான் முதலில் போவது அந்தப் பக்கத்துக்குத்தான்.