லண்டனில் முதல் நாள்: நேரே சவுத் கென்சிங்டன்

லண்டனில் இறங்கிய முதல் நாள் ஊர் சுற்ற சவுத் கென்சிங்டன்தான் என் சிபாரிசு. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிக்கடிலி லைன் ரயிலில் மாறாமல் வந்துவிடலாம். பெட்டிகளை மட்டும் முதலில் ஓட்டலில் போட்டுவிடுங்கள்.

அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் காலை 10 மணிக்குத் திறக்கும். நுழைவு இலவசம், ஆனாலும் ஆன்லைனில் நேரம் பதிந்துவிட்டால் வரிசையில் கால் கடுக்காது. நம் ஊர் நேரத்துக்கு அங்கே எப்படியும் விடிகாலையிலேயே விழிப்பு வந்துவிடும், அதனால் திறந்ததும் போய்விடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் வந்தபின் டைனோசர் பக்கம் நிற்க இடமிருக்காது.

உள்ளே ஓடுவதற்கு முன் வெளிச்சுவரைப் பாருங்கள். 1881இல் திறந்த கட்டடம். வாசலைப் பார்த்து நின்றால் இடப்பக்கச் சுடுமண் சிற்பங்கள் வாழும் உயிரினங்கள், வலப்பக்கம் அழிந்துபோனவை. மைய மண்டபத்து வளைவுகளில் சுடுமண் குரங்குகள் தொற்றி ஏறுகின்றன. அதற்கு மேலே 25 மீட்டர் நீலத்திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது. மாடிப்படியில் ஏறிப் பார்த்தால்தான் அதன் முழு நீளமும் பிடிபடும்.

எல்லாக் கூடங்களையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், மதியத்துக்குள் தூக்கம் கண்ணைச் சுழற்றும். சாலையைத் தாண்டினால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், அதுவும் இலவசம். ஐரோப்பியரைக் கடிக்கும் திப்புவின் மரப்புலி அங்கேதான் இருக்கிறது. வயிற்றுக்குள் ஆர்கன் என்ற இசைக்கருவி வைத்த பொம்மை!