செயிண்ட் மார்ட்டின் போகிறீர்களா? இரண்டு பிளக் எடுத்துக்கொள்ளுங்கள்

டிக்கெட் போடும்போதே பலரும் குழம்பும் இடம் இது, அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: செயிண்ட் மார்ட்டின், சின்ட் மார்ட்டன் இரண்டும் கரீபியன் கடலில் உள்ள ஒரே தீவு. மொத்தமே 87 சதுர கிலோமீட்டர் அளவுதான். வடக்கே உள்ள பெரிய பங்கு பிரான்ஸுடையது. தெற்கே உள்ள சின்னப் பங்கு நெதர்லாந்து ராஜ்ஜியத்துக்குள் 2010 முதல் தனி நாடு. 1648-ல் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரு டச்சுக்காரரும் எதிரெதிர்த் திசையில் கரையோரமாக நடந்து எல்லை போட்டார்கள், டச்சுக்காரர் வழியில் ஜின் குடித்துத் தள்ளாடியதால் அவர் பங்கு சிறுத்துப் போனது என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. ஒரு நினைவுத் தூண், வரவேற்புப் பலகை, சில கொடிகள், அவ்வளவுதான். காரில் பேசிக்கொண்டே போனால் நாடு மாறியதே தெரியாது. அறைக்குப் போய்ச் சார்ஜரைச் சொருகும்போது தெரியும். டச்சுப் பக்கம் அமெரிக்க பிளக், 110 வோல்ட். பிரெஞ்சுப் பக்கம் ஐரோப்பிய பிளக், 220 வோல்ட். போனும் அப்படித்தான். பிரெஞ்சுப் பக்கத்து நாட்டு எண் 590, டச்சுப் பக்கம் 1-721, பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ஹோட்டலைக் கூப்பிட்டாலும் அது வெளிநாட்டு அழைப்பு. எல்லைக்குப் பக்கத்தில் தங்கினால் ரோமிங்கைக் கவனியுங்கள், போன் தன் இஷ்டத்துக்கு டவர் மாறும்.

விசா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெரிய விமான நிலையமான பிரின்சஸ் ஜூலியானா டச்சுப் பக்கம் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க விசா உயிரோடு இருந்தால் டச்சுப் பக்கத்துக்குத் தனி விசா வேண்டாம். பிரெஞ்சுப் பக்கத்துக்கு விதி வேறு. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தாலும் ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் இல்லை, சாதாரண ஷெங்கன் விசா போதும் என்று நினைத்துவிட வேண்டாம். சாலையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பதால் விதி இல்லாமல் போகாது, கிளம்பும் முன் இரண்டு நாட்டுத் தூதரகத் தளங்களையும் பார்த்துவிடுங்கள். அப்புறம், அமெரிக்காவில் ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்பிங் காலாவதி ஆகியிருந்தால், கனடா, மெக்சிகோவுக்குச் சின்னப் பயணம் போய் அதே விசாவோடு அமெரிக்கா திரும்பக் கிடைக்கும் சலுகை இங்கே கிடைக்காது. கடற்கரையில் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொள்வது நல்ல அனுபவமாக இருக்காது.

பணம் எளிது. அமெரிக்க டாலர் தீவு முழுக்கச் செல்லும். டச்சுப் பக்கத்தில் 2025 முதல் கரீபியன் கில்டர் என்று புது நாணயம் வந்திருக்கிறது, ஆனால் பயணிகளிடம் விலை சொல்வது டாலரில்தான். பிரெஞ்சுப் பக்கம் யூரோ. அங்கே சில உணவகங்களில் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு டாலருக்கு ஒரு யூரோ என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள், அதைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். பில் பெரிதானால் நல்ல லாபம். அதற்காகவே கொஞ்சம் டாலர் நோட்டு கையில் இருக்கட்டும்.

எங்கே தங்குவது? இரவு ஆட்டம் பாட்டம், கேசினோ, பெரிய ஹோட்டல் வேண்டுமென்றால் டச்சுப் பக்கம் மஹோ, சிம்ப்சன் பே. அமைதியும் நல்ல சாப்பாடும் வேண்டுமென்றால் பிரெஞ்சுப் பக்கம் கிராண்ட் கேஸ் அல்லது ஓரியண்ட் பே. என் ஓட்டு கிராண்ட் கேஸுக்கு. ஒரே தெரு, இரண்டு பக்கமும் உணவகங்கள், நடுவில் 'லோலோ' என்று சொல்லும் திறந்தவெளிக் கடைகள். கரியடுப்பில் சுட்ட விலா இறைச்சி, கோழி, மீன், கூடவே ஜானி கேக் என்ற ரொட்டி. சைவம் என்றால் லோலோவில் பக்க உணவுகளை வைத்துச் சமாளிக்க வேண்டும், காலையில் பிரெஞ்சு பேக்கரி காப்பாற்றும். டச்சுப் பக்கத் தலைநகரான பிலிப்ஸ்பர்க்கின் ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்டில் நகைக்கடைக்காரர் இந்தியில் கூப்பிட்டால் ஆச்சரியப்படாதீர்கள், சிந்தி வணிகர்கள் அங்கே பல வருடங்களாகக் கடை வைத்திருக்கிறார்கள். பெரிய கப்பல்கள் நிற்கும் நாளில் அந்தத் தெருப் பக்கமே போகாதீர்கள், கூட்டம் தாங்காது. இரண்டு பக்கமும் ஆங்கிலம் போதும், ஆனால் பிரெஞ்சுப் பக்கக் கடைக்குள் நுழைந்ததும் ஒரு 'போன்ஜூர்' சொல்லிவிட்டுப் பேசினால் வரவேற்பே தனி.

கார் எடுத்துக்கொள்வதுதான் வசதி. வண்டி வலது பக்கம் ஓடும். மினி பஸ்களும் உண்டு, கை காட்டினால் நிற்கும், ஆனால் இருட்டியபின் நம்ப முடியாது. தூரம் குறைவு என்று ஏமாறவும் வேண்டாம். சிம்ப்சன் பேயில் படகுகளுக்காகப் பாலத்தைத் தூக்கினால் வரிசை நகராது. நான் ஒருமுறை அதில் மாட்டி ஒரு முழுப் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தேன். காரில் பையை விட்டுவிட்டுக் கடலுக்குள் போகாதீர்கள்.

கடற்கரை ஏராளம். குழந்தைகளோடு போனால் குல்-டி-சாக்கில் சின்னப் படகு பிடித்துப் பினெல் தீவுக்குப் போங்கள், தண்ணீர் இடுப்பளவுதான், அலை இல்லை. ஹேப்பி பே-க்கு ஃப்ரையர்ஸ் பேயிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும், அதனாலேயே கூட்டம் குறைவு. ஓரியண்ட் பேயின் தெற்குக் கோடியில் ஆடையில்லாமல் குளிப்பவர்கள் இருப்பார்கள், மாமியாரை அழைத்துப் போகிறவர்கள் வடக்குப் பக்கமாகப் பாய் விரியுங்கள். கோடையில் கிழக்குக் கரைகளில் சர்காசம் பாசி ஒதுங்கி நாறும், அப்போது மேற்குக் கரைக்கு மாறிக்கொள்ளலாம். மலை ஏறுபவர்களுக்குப் பிக் பாரடி, 424 மீட்டர், தீவின் உச்சி அதுதான்.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்ல வெயில், நல்ல விலையும்கூட, அதாவது அவர்களுக்கு. மே மாதம் மலிவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதன் உச்சம். 2017 செப்டம்பர் 6-ல் இர்மா புயல் தீவை அப்படியே புரட்டிப் போட்டது.

மஹோ கடற்கரையில் தலைக்கு மேல் விமானம் இறங்குவதைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. பக்கத்து பாரில் ஒரு சர்ஃப் பலகையில் அன்றைய விமான நேரம் எழுதியிருக்கும், பெரியவை மதியத்தில் வரும். இறங்கும்போது மணலில் நின்று பாருங்கள். கிளம்பும்போது மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், விமான இன்ஜினின் காற்று தூக்கியெறிந்து 2017-ல் ஒரு பெண் இறந்தே போனார். எச்சரிக்கைப் பலகை அங்கேயே இருக்கிறது, அதன் அடியில் நின்றே செல்ஃபி எடுக்கிறார்கள்.