உளவியல் முதலாண்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு உளவியல் படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையும், வடக்கே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறையும் இருக்கின்றன. வேறு பட்டப்படிப்புகளில் துணைப்பாடமாக உளவியலை எடுப்பவர்களும் உண்டு. எந்த வழியாக வந்தாலும் முதலில் எதிர்கொள்வது பொது உளவியல் என்ற அறிமுகத் தாள்தான். அந்தத் தாளில் பலர் எதிர்பாராத விதமாகச் சறுக்குவதற்குக் காரணம், பாடம் எளிதாகத் தோன்றுவது. வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் நமக்கு எது தெரியாது என்பது முதல் பக்கத்திலேயே விளங்கிவிடுகிறது. உளவியல் புத்தகத்திலோ நினைவு, மறதி, கோபம், உறக்கம், ஆளுமை என்று எல்லாமே ஏற்கெனவே அறிமுகமான பெயர்களாக இருப்பதால், மாணவர்கள் அதை வாரப் பத்திரிகை வாசிப்பதுபோல வாசித்துவிட்டு, படித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்து கிளைப்பவை.

ஓர் ஆய்வு முடிவைப் படித்தவுடன் "இதற்கு ஓர் ஆய்வு தேவையா, நம் பாட்டியே சொல்லியிருப்பாரே" என்று தோன்றும். பாட்டி சொல்லியிருப்பார் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு நேர் எதிரானதையும் அவரே சொல்லியிருப்பார். நிதானமாக முடிவெடுப்பவர்களே வெல்கிறார்கள் என்று முடிவு வந்தால் "பதறாத காரியம் சிதறாது" என்போம். உடனடியாக முடிவெடுப்பவர்கள் வெல்கிறார்கள் என்று வந்தால் "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்போம். முடிவு தெரிந்த பிறகு அது முன்பே தெரிந்ததுபோலத் தோன்றும் இந்தச் சாய்வை உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் சோதித்துக் காட்டினார். 1814இல் தொடங்கிய ஆங்கிலேய-கூர்க்கா போரைப் பற்றிய ஒரு குறிப்பைச் சிலருக்குக் கொடுத்து, போரின் முடிவு இதுதான் என்று ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறாகச் சொன்னபோது, அந்தந்தக் குழுவினர் தமக்குச் சொல்லப்பட்ட முடிவையே கூடுதலாக எதிர்பார்த்திருக்கக்கூடியதாகக் கருதினார்கள். மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. ஒரு சோதனையின் வடிவமைப்பைப் படித்த இடத்தில் நிறுத்தி, முடிவு என்னவாக இருக்கும் என்பதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகே அடுத்த பத்தியைப் படிக்க வேண்டும். கணிப்பு தவறிய பக்கங்கள்தாம் தேர்வு அறையில் முதலில் நினைவுக்கு வரும்.

இதன் உடன்பிறப்பு, சொந்த அனுபவத்தைச் சான்றாக நிறுத்துவது. "எங்கள் வீட்டில் அப்படி இல்லையே" என்ற வாதம் ஒவ்வொரு வகுப்பிலும் எழுகிறது. நினைவு பற்றிய பாடத்தில் இது மிகவும் கூர்மையாக வெளிப்படும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கே இருந்தோம், மின்சாரம் எப்போது போனது, யார் கைபேசியில் அழைத்தார்கள் என்பதெல்லாம் இந்தப் பகுதி மாணவர்களுக்குப் படம்பிடித்ததுபோல நினைவிருக்கும். அந்த நினைவு பிழைபட்டிருக்கலாம் என்று புத்தகம் சொன்னால் ஏற்க மனம் வராது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அச்செய்தியைத் தாம் எப்படி அறிந்தோம் என்பதைக் கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கிய உல்ரிக் நைசரும் நிகோல் ஹார்ஷும், சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வியை அவர்களிடமே கேட்டார்கள். பலருடைய விடை முன்பு எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனால் அவர்களுடைய உறுதி சற்றும் தளரவில்லை. உறுதிக்கும் சரிக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். ஐயம் உள்ளவர்கள், அந்தப் புயல் இரவைப் பற்றி வீட்டில் நான்கு பேரைத் தனித்தனியே எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, ஆய்வு முறைகள் பற்றிய அத்தியாயத்தைத் தாவிச் செல்வது. கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு வந்தவர்கள், அங்கே திட்டவிலக்கம், ஒட்டுறவுக் கெழு போன்ற புள்ளியியல் கணக்குகள் காத்திருப்பதைக் கண்டு அதிர்ந்துபோவதைப் பார்க்கும்போது சேர்க்கை நேரத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். மற்ற எல்லா அத்தியாயங்களும் அந்த ஒன்றின்மேல்தான் நிற்கின்றன. டியூஷன் போகும் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். டியூஷனால் மதிப்பெண் கூடியிருக்கலாம். படிப்பில் நாட்டமுள்ள பிள்ளைகளே டியூஷனுக்கும் போகிறார்கள் என்றிருக்கலாம். கட்டணம் கட்ட முடிந்த வீடுகளில் தனி அறையும் படித்த பெற்றோரும் இருப்பது இரண்டையும் கூட்டியிருக்கலாம். ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்தே கூடிக் குறைவது, இவற்றில் எதையும் தேர்ந்தெடுத்துச் சொல்வதில்லை. காரணத்தை அறிய வேண்டுமானால் பிள்ளைகளைச் சமவாய்ப்பு முறையில், குலுக்கல் போடுவதுபோல, இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் டியூஷன் அளித்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் இன்னொரு குழப்பம் தொடங்குகிறது. மக்கள் தொகையிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை. தேர்ந்தெடுத்த ஆட்களைச் சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரிப்பது வேறு வேலை. முதலாவது, முடிவை எல்லோருக்கும் பொதுமைப்படுத்தலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, காரணம் சொல்லலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. விடைத்தாள்களில் இவ்விரண்டும் மாறி மாறி எழுதப்படுகின்றன. சனிக்கிழமை மாலையில், வண்டிப் போக்குவரத்து தடுக்கப்பட்ட புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நின்று நூறு பேரிடம் வினாப்படிவம் கொடுத்து "புதுச்சேரி மக்களின் மகிழ்ச்சி நிலை" என்று தலைப்பிடும் மாணவர், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்களின் மகிழ்ச்சியைத்தான் பெரிதும் அளந்திருப்பார். எதிரில் வந்தவர்களைக் கேட்பது சமவாய்ப்பு மாதிரி ஆகாது. அது கைக்கெட்டிய மாதிரி.

கற்றல் அத்தியாயத்தில் எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் ஒன்றெனக் கொள்வது ஏறக்குறைய எல்லாரும் செய்யும் பிழை. நடத்தை உளவியலாளர் ஸ்கின்னரின் வகைப்பாட்டில் இரண்டே கேள்விகளைக் கேட்டால் போதும்: நடத்தை கூடியதா, குறைந்ததா? அதற்காக ஒன்று சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை; சேர்த்தால் நேர்மறை, நீக்கினால் எதிர்மறை. தலைக்கவசம் இல்லாமல் வந்தவரிடம் காவலர் அபராதம் வாங்குகிறார். பணம் கையை விட்டுப் போகிறது. அதனால் வெறுந்தலையோடு ஓட்டுவது குறைந்தால் அது எதிர்மறைத் தண்டனை. மறுநாள் அந்த வண்டியோட்டியே இந்திரா காந்தி சிலைச் சந்திப்பு நெருங்குமுன் கவசத்தை மாட்டிக்கொள்கிறார். பிடிபடுவோமோ என்ற அச்சம் நீங்குகிறது, அதனால் மாட்டும் பழக்கம் கூடுகிறது. இது எதிர்மறை வலுவூட்டல். சந்திப்பைக் கடந்ததும் கழற்றி வண்டிக் கண்ணாடியில் தொங்கவிடுகிறாரே, அதுவும் எதிர்மறை வலுவூட்டல்தான்: வியர்வைப் புழுக்கம் நீங்குவதால் கழற்றும் பழக்கம் வலுப்பெறுகிறது. காவலர் கண்ணில் படும் இடத்தில் ஒரு நடத்தையும், படாத இடத்தில் இன்னொன்றும் நிகழ்வதால் அவரே வேறுபடுத்தும் தூண்டலாகவும் ஆகிவிடுகிறார். இப்படித் தெருவில் காணும் ஒன்றை முழுமையாகப் பிரித்துப் பார்த்தவருக்கு, புத்தகத்தில் உள்ள எலிக்கூண்டு எடுத்துக்காட்டைத் தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

புகழ்பெற்ற சோதனைகளைக் கதையாக மட்டும் நினைவில் வைப்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆணையிட்டால் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவார்களா என்று பார்த்து ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட கீழ்ப்படிதல் ஆய்வைக் கேட்டால், 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்ற எண்ணோடு மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். அதிர்ச்சி பெறுவதாக நடித்தவருக்கு உண்மையில் மின்னதிர்ச்சி தரப்படவில்லை என்பதைக்கூடச் சிலர் எழுத மறக்கிறார்கள். அவர் அதே ஆய்வைப் பல வடிவங்களில் செய்தார். அதிர்ச்சி பெறுவதாக நடித்தவர் பக்கத்து அறையில் இருந்தபோது ஏறத்தாழ 65 விழுக்காடாக இருந்த முழுக் கீழ்ப்படிதல், அவர் அதே அறைக்கு வந்தபோது 40 விழுக்காடாகவும், அவருடைய கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டியிருந்தபோது 30 விழுக்காடாகவும், ஆணைகள் தொலைபேசி வழியாக வந்தபோது 20 விழுக்காட்டை ஒட்டியும் இறங்கியது. மனிதர்கள் கொடியவர்கள் என்று அந்த ஆய்வைச் சுருக்குபவர், சூழல் மாறினால் நடத்தையும் மாறுகிறது என்ற முடிவைக் கோட்டைவிட்டுவிடுகிறார்.

அச்சில் வந்ததெல்லாம் நிலைத்த உண்மை என்று கொள்வதும் கூடாது. உளவியல் ஆய்விதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த பெருங்குழு ஒன்று, 36 விழுக்காட்டு ஆய்வுகளிலேயே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க முடிவு கிடைத்ததாக 2015இல் அறிவித்தது. 1971ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில் காவலர்களாக நடித்தவர்களுக்குக் கடுமை காட்டத் தூண்டுதல் தரப்பட்டிருந்தது என்ற விமர்சனமும் இன்று விரிவாகப் பேசப்படுகிறது. பழைய நோட்ஸில் இவை இருக்காது. மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம், ஒருவர் இடமூளைக்காரர் இன்னொருவர் வலமூளைக்காரர், பார்த்துக் கற்பவருக்குப் பார்க்கும் வகையிலும் கேட்டுக் கற்பவருக்குக் கேட்கும் வகையிலும் பாடம் நடத்த வேண்டும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கைகளைக் கட்டுரையில் எழுதாமல் இருந்தாலே போதும்.

செய்முறைத் தாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சம நீளக் கோடுகள் சமமற்றவையாகத் தோன்றும் முல்லர்-லயர் மாயத்தோற்றச் சோதனையில், உள்நோக்கி மடிந்த அம்புமுனைகள் கொண்ட கோடும் வெளிநோக்கி விரிந்த முனைகள் கொண்ட கோடும் ஒரு பலகையில் இருக்கும். சோதனைக்கு உட்படுபவர் ஒரு கோட்டை நகர்த்தி, இரண்டும் சமமாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். சிறியதிலிருந்து பெரியதை நோக்கிச் சில முயற்சிகள், பெரியதிலிருந்து சிறியதை நோக்கிச் சில முயற்சிகள் என்று மாற்றி மாற்றிச் செய்து சராசரிப் பிழையைக் கணக்கிட வேண்டும். ரெக்கார்டு நோட்டை ஒப்படைக்கும் முந்திய நாள் இதற்கெல்லாம் நேரமிருக்காது. அப்போது பக்கத்து நண்பரின் அட்டவணையைப் பார்த்து, அவருடைய எண்களில் ஒன்றிரண்டைக் கூட்டியும் குறைத்தும் எழுதிவிடுவது பரவலாக நடக்கிறது. புத்தகத்தோடு ஒத்துப்போகாத அளவு வந்தால், அதைத் திருத்தி ஒத்துப்போக வைப்பதும் நடக்கிறது. இதை ஒரு சிறு தில்லுமுல்லு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மாயத்தோற்றத்தின் அளவு ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, வாழும் பண்பாட்டுக்கு ஏற்பவும் மாறுகிறது என்பதை மார்ஷல் சீகலும் உடன் ஆய்ந்தவர்களும் 1966இல் காட்டினார்கள். பாடப்புத்தக ஆய்வுகளில் பெரும்பங்கு அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்கள்மீது செய்யப்பட்டவை என்ற குறையும் உண்டு. அப்படியிருக்க, குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒரு மாணவியின் கண் சொன்ன அளவை அழித்துவிட்டுப் புத்தகத்து அளவை எழுதுவது, அந்தத் தாள் எதற்காக வைக்கப்பட்டதோ அதையே அழிப்பதாகும். ஒத்துவராத முடிவை அப்படியே எழுதி, ஏன் வந்திருக்கலாம் என்று விவாதப் பகுதியில் நான்கு வரி சேர்ப்பதே முறை.

படிக்கும் முறையில், தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் செய்யும் தவறு தனியானது. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் நோட்ஸின் வரையறைகளை ஒரு சொல் பிசகாமல் உருப்போடுகிறார்கள். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது உதவுகிறது, ஒரு சூழலைக் கொடுத்து விளக்கச் சொல்லும் பத்து மதிப்பெண் வினாவில் கைவிட்டுவிடுகிறது. கருத்தை முதலில் தமிழில், ஊர் எடுத்துக்காட்டோடு, பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆங்கிலக் கலைச்சொல்லை அதன்மேல் ஏற்றுவது பலன் தரும். திரும்பத் திரும்ப வாசிப்பதைக் காட்டிலும் மூடிவைத்து நினைவுகூர்வது மேலானது என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள்: ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்தினார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்வருபவர்கள், ரெட்டிச்சாவடியில் புத்தகத்தை மூடி, தவளக்குப்பம் வரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, அரியாங்குப்பத்தில் திறந்து விடுபட்டதைச் சரிபார்க்கலாம். மறுநாளும் அடுத்த வாரமும் அதே பகுதியை மீண்டும் சொல்லிப் பார்க்க வேண்டும். இடைவெளி விட்டுப் படிப்பதன் நன்மையை நினைவாற்றலை ஆராய்ந்த எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டு நூலிலேயே குறித்திருக்கிறார். தேர்வுக்கு முந்திய இரவு முழுக்கக் கண்விழிப்பவர்கள் அந்த நூலின் பெயரை மட்டும் விடைத்தாளில் எழுதிவிட்டு வருகிறார்கள்.

மனநலக் குறைபாடுகள் பற்றிய பாடம் வந்ததும் பலருக்குத் தமக்கே எல்லா அறிகுறிகளும் இருப்பதாகத் தோன்றும். அதைவிட மோசமாக, மாமாவுக்கு இன்ன குறைபாடு, அறைத்தோழிக்கு இன்ன குறைபாடு என்று பட்டம் கட்டத் தொடங்குவார்கள். பெருமனச்சோர்வு என்று சொல்வதற்கே ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, குறைந்தது இரண்டு வாரம், அன்றாட வாழ்வு பாதிக்கப்படும் அளவில் இருக்க வேண்டும், வேறு உடல்நோய்க் காரணங்கள் விலக்கப்பட வேண்டும். இதை நேரில் ஆய்ந்து சொல்வதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று பணியாற்ற, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவும் தேவை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அத்துறையில் மேற்படிப்பு படித்தவர். "நீதான் சைக்காலஜி படிக்கிறாயே, என் பையனிடம் கொஞ்சம் பேசேன்" என்று அடுத்த வீட்டு அக்கா கேட்கும்போது மறுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். காதுகொடுத்துக் கேட்கலாம், ஆனால் ஆலோசகராக நடந்துகொள்ளக் கூடாது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. தமிழிலும் இரவு பகலாகவும் இலவசமாகப் பேசக்கூடிய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416. அந்தப் பையனிடம் இதைச் சொல்லி, அவன் விரும்பினால் அழைக்கும்போது அருகில் இருக்கலாம். அதற்குமேல் முதலாண்டு மாணவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.